மூளையின் இன்சுலினும் மனச்சோர்வும்



செல்கள் குளுக்கோஸை எடுத்துக்கொள்ள உதவும் இன்சுலின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரந்தும் உடலின் செல்கள் அதற்குச் செவிசாய்க்காத நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் அடிப்படைகளில் அதுவும் ஒன்று. மூளைக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நரம்புச் செல்கள் பெரும்பாலும் இன்சுலின் துணையின்றியே குளுக்கோஸை எடுத்துக்கொள்வது அதற்குக் காரணம். ஆனால் 1978இல் எலியின் மூளையில் இன்சுலினை உணரும் ஏற்பிகள் பரவலாக இருப்பது தெரியவந்தது. பசி, நினைவாற்றல், மனநிலை ஆகியவற்றிலும் இன்சுலினுக்குப் பங்குண்டு என்பது பின்னர் படிப்படியாக விளங்கியது.

பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தில் ரொனால்டு கான் குழுவினர், மூளையில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். 2015இல் வெளியான முடிவு வியக்கத்தக்கது. அந்தச் சுண்டெலிகளின் மூளைச் செல்களில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதுபட்டன. மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி மிகுந்தது. ஊக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் அடிப்படையான டோபமினைச் சிதைக்கும் நொதி இது. வயது ஏறியபோது அவற்றிடம் பதற்றமும் மனச்சோர்வை ஒத்த நடத்தையும் தோன்றின. அந்த நொதியைத் தடுக்கும் பழைய மனச்சோர்வு மருந்துகளைக் கொடுத்ததும் நடத்தை சீரடைந்தது. சுண்டெலியின் துயரத்தை நேரடியாக அளக்க வழியில்லை. நெருக்கடியில் எவ்வளவு விரைவில் போராட்டத்தைக் கைவிடுகிறது என்பதைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ஆகவே இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது.

மனிதரிடமும் சான்று உண்டு. நெதர்லாந்தில் அதுவரை மனச்சோர்வு வராத 601 பேரை ஒன்பது ஆண்டுகள் கண்காணித்த தரவுகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2021இல் முடிவை வெளியிட்டனர். இன்சுலின் எதிர்ப்பு மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் மிகுந்திருந்தது. மனச்சோர்வைச் சோம்பல் என்றும் மன உறுதியின்மை என்றும் பழிப்பது எவ்வளவு பெரிய அநீதி என்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்துகின்றன.

எதிர்த்திசையிலும் பாதிப்பு நிகழ்கிறது. மனச்சோர்வில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் உயரலாம், உறக்கம் கெடும், உடலசைவு குறையும். இவை மூன்றும் இன்சுலின் எதிர்ப்பை வளர்ப்பவை. நீண்ட துயரம் நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதியிருக்கிறார்.

உடற்பயிற்சி இரண்டு நிலைகளுக்கும் நன்மை தருகிறது. பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மருந்து, இன்சுலின் எதிர்ப்புள்ள சிலருக்கு மனச்சோர்வைக் குறைத்ததாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மனச்சோர்வுக்கான வழக்கமான சிகிச்சையில் அது இன்னும் இடம்பெறவில்லை.