பெயர் இல்லாத களிம்பு

தம்பி ஒடிசாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அங்கே மலேரியா வந்தது. மாத்திரையோடு ஊர் திரும்பினான். உடம்பு கொஞ்சம் தேறியதும் பச்சை குத்திக்கொள்ள ஆசைப்பட்டான். தோள் முதல் மணிக்கட்டு வரை அம்மன் படம்.

சந்தையில் ஒரு களிம்பு வாங்கி வந்தான்.

"கை முழுக்கப் பூசணும். மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றணும். ஒரு மணி நேரத்தில் கை மரத்துப் போகுமாம். ஊசி குத்துவதே தெரியாதாம் அக்கா" என்றான்.

அக்கா எழுத்தறிவு மையத்தில் படித்தவள். எதைக் கண்டாலும் வாசித்துப் பார்ப்பாள். டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பெண்ணின் படம் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை. எத்தனை சதவீதம் என்று இல்லை. காலாவதி தேதியும் இல்லை.

"வா, நர்சம்மாவைக் கேட்போம்" என்றாள்.

நர்சம்மா டியூபைப் பார்த்தார்.

"மரக்கச் செய்யும் களிம்பில் லிடோகெய்ன், பிரிலோகெய்ன் போன்ற மருந்துகள் இருக்கும். தோலில் உள்ள நரம்புகள் வலியை மூளைக்குச் சொல்லும். இந்த மருந்து அதைத் தடுக்கும். தோலோடு நின்றால் சரி. ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் மூளையையும் இதயத்தையும் தாக்கும்" என்றார்.

"பூசுகிற களிம்பு ரத்தத்தில் எப்படிக் கலக்கும்?" என்று தம்பி கேட்டான்.

நல்ல கேள்விதான். தோல் ஒரு வேலி. ஆனால் பச்சை குத்தும் முன் முடியை மழிக்கிறார்கள். பிளேடு கீறினால் வேலியில் ஓட்டை. ஊசி குத்தக் குத்த இன்னும் ஓட்டை. பாதியில் வலித்தால் அந்தப் புண் மேலேயே மறுபடி களிம்பைத் தடவுகிறவர்களும் உண்டு. பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் சூடு ஏறும். மருந்து வேகமாக உள்ளே போகும். பூசும் இடம் பெரிதானால் உள்ளே போகும் மருந்தும் கூடும்.

அமெரிக்காவில் 2 இளம் பெண்கள் லேசர் முறையில் கால் முடியை நீக்கப் போனார்கள். மரக்கும் களிம்பைக் கால்களில் பூசினார்கள். சொன்னபடியே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். இருவருக்கும் வலிப்பு வந்தது. நினைவு போனது. இருவரும் இறந்தார்கள். 2007-இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைச் சொல்லி மக்களை எச்சரித்தது. பச்சை குத்துவதற்கு விற்கும் களிம்புகள் பற்றி 2024-இல் மறுபடி எச்சரித்தது. சீட்டு இல்லாமல் வாங்கும் களிம்பில் 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் இருந்தால் பூச வேண்டாம் என்றது.

இந்த டியூபில் எத்தனை சதவீதம்? யாருக்குத் தெரியும்!

"இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று நர்சம்மா கேட்டார்.

"மலேரியா மாத்திரை. 14 நாள். இன்னும் 6 நாள் பாக்கி."

நர்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது பிரைமாகுயின். இந்தக் களிம்பில் பிரிலோகெய்ன் இருந்தால் இரண்டும் சேரக் கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகலாம். உதடும் நகமும் நீலமாகும். மூச்சு வாங்கும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரைக்கும் இதே ஆபத்து உண்டு."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாராவது தெரியாமல் பூசிவிட்டால்?"

"நாக்கு மரத்துப் போவது, காதில் இரைச்சல், தலைசுற்றல், படபடப்பு. இதில் ஒன்று வந்தாலும் களிம்பைத் துடைத்துக் கழுவ வேண்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். டியூபையும் கையோடு கொண்டு போக வேண்டும். தூங்கினால் சரியாகும் என்று படுக்கவிடக் கூடாது."

"அப்படியானால் களிம்பே கூடாதா?"

"டாக்டர் ஆளைப் பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார். அது வேறு. சந்தையில் வாங்கிக் கை முழுக்க அப்புவது வேறு."

தம்பி 14 நாள் மாத்திரையையும் முடித்தான். ஒரு மாதம் கழித்துப் பச்சை குத்தப் போனான். அம்மன் படம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தான். களிம்பும் இல்லை. புது ஊசியை அவன் கண் முன்னே பிரித்தார்கள். 'அம்மா' என்று 3 எழுத்து. பத்து நிமிட வேலை. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

"ம் மேலே புள்ளியை விட்டுவிடாதீங்க" என்றாள்.