படத்தை முதலில் வெளியே எடுங்கள்: நோக்கியா என்95 கேள்வி-பதில்

நோக்கியா என்95 பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழில் பக்கம் முழுவதும் அந்த ஒரு போனுக்கே. 2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2007 மார்ச்சில் கடைக்கு வந்தது. இன்னும் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிறது. சிலர் தேடிப்பிடித்து வாங்கவும் செய்கிறார்கள்.

என் புது போனில் 50 மெகாபிக்சல். மாமாவின் என்95-இல் 5 மெகாபிக்சல்தான். ஆனால் பகலில் எடுத்த படம் மாமாவின் போனில்தான் இயல்பாகத் தெரிகிறது. என் கண்ணில் கோளாறா?
— கல்லூரி மாணவர், கோவை

கண்ணில் கோளாறு இல்லை, தம்பி. மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு மட்டுமே. அந்தப் புள்ளிகளுக்கு எவ்வளவு வெளிச்சம் கிடைத்தது, எந்த லென்ஸ் வழியாகக் கிடைத்தது என்பதை அது சொல்லாது. என்95 தரும் படம் 2592 × 1944 புள்ளிகள். 8 × 6 அங்குலத்தில் பிரின்ட் போட்டால் ஒரு குறையும் தெரியாது. அதன் சென்சார் 1/2.5 அங்குல வகை. அந்தக் காலத்துச் சிறிய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் இருந்த அதே அளவு. முன்னால் எஃப்/2.8 கார்ல் சைஸ் டெஸ்ஸார் லென்ஸ். ஒரு புள்ளியின் அகலம் சுமார் 2.2 மைக்ரான். இன்றைய 50 மெகாபிக்சல் போன்கள் பலவற்றில் அது 1 மைக்ரானை ஒட்டியே இருக்கிறது. அதனால்தான் நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகக் கொடுக்கின்றன.

இன்னொன்று, புது போன் முகத்தை வழவழப்பாக்கும், நிழலை வெளிச்சமாக்கும், வானத்துக்கு நீலம் ஏற்றும். என்95-இல் அந்த வேலைகள் குறைவு. உங்களுக்கு இயல்பாகத் தெரிவது அதுதான். பொழுது சாய்ந்த பிறகு மட்டும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இருட்டில் புது போனை இது நெருங்க முடியாது.

எடுக்கும் படமெல்லாம் மங்கலாக வருகிறது. லென்ஸ் மாற்ற வேண்டுமா?
— வாசகர், திண்டுக்கல்

லென்ஸை விடுங்கள், உங்கள் விரலைப் பாருங்கள். வலது பக்கத்துக் கேமரா பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ் தேடும். திரையில் சட்டம் பச்சையாகும். அதன் பிறகே முழுதாக அழுத்த வேண்டும். பாதி அழுத்தும்போது விரலுக்கு ஒரு சின்னத் தடை தட்டுப்படும். அங்கே நிறுத்தப் பழகுங்கள். ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுப் போனை இறக்கிவிடுகிறவர்களின் படங்கள்தான் என்னிடம் "லென்ஸ் பழுது" என்று வருகின்றன. பூ, நகை, பத்திரிகைப் பக்கம் போன்றவற்றை நெருங்கி எடுக்கும்போது குளோஸ்-அப் முறைக்கு மாற்றுங்கள். 10 சென்டிமீட்டர் வரை போகலாம். இவ்வளவு செய்தும் மங்கலாக இருந்தால், பின்பக்க மூடியைத் திறந்து லென்ஸ் கண்ணாடியை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வேட்டி நுனி, சட்டை நுனி வேண்டாம்.

20 மடங்கு ஜூம் என்று போட்டிருக்கிறதே, பயன்படுத்தலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். அது டிஜிட்டல் ஜூம். இருக்கும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. அதைக் கணினியில் பிறகு செய்துகொள்ளலாம். இப்போது நாலடி முன்னால் நடந்து போங்கள். லென்ஸே நகர்ந்து ஜூம் ஆக வேண்டும் என்றால் அதே நோக்கியாவின் 2006-ஆம் ஆண்டு என்93-ஐத் தேடுங்கள். அதில் 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் உண்டு.

கல்யாண வரவேற்பில் எடுத்தால் ஃபிளாஷ் போட்டும் முகம் இழுபட்டுப் போகிறது. என்82-இல் அப்படி இல்லை என்கிறார் நண்பர். இரண்டும் 5 மெகாபிக்சல்தானே?
— ஆசிரியை, தஞ்சாவூர்

நண்பர் சொல்வது சரி. லென்ஸும் மெகாபிக்சலும் ஒன்றுதான், ஃபிளாஷ்தான் வேறு. என்95-இல் இருப்பது எல்இடி. அது வலுவில்லாத வெளிச்சத்தை நீண்ட நேரம் தரும். அந்த நேரத்துக்குள் மணமகள் தலை திருப்பினால் முகம் இழுபடும். 2007 நவம்பரில் வந்த என்82-இல் இருப்பது செனான். கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பங்கில் பெரும் வெளிச்சத்தைக் கொட்டி முடித்துவிடும். அசைவு அப்படியே உறைந்து நிற்கும். உங்களிடம் இருப்பது என்95 என்பதால், மண்டபத்தில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மேடை விளக்கு முகத்தில் விழும் பக்கமாகப் போய் நின்று, முழங்கையைத் தூணிலோ நாற்காலி முதுகிலோ ஊன்றிக்கொண்டு எடுங்கள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் அசையாமல் நிற்கும் நொடிக்காகக் காத்திருங்கள். நல்ல படம் வரும்.

கேமராவைத் திறந்தால் நினைவகம் போதவில்லை என்கிறது. 2 ஜிபி கார்டு காலியாகத்தான் இருக்கிறது.
— வாசகர், சேலம்

கார்டு வேறு, ராம் வேறு. முதல் என்95-இல் மொத்த ராம் 64 எம்பிதான். போன் இயங்கத் தொடங்கியதும் அதில் பெரும்பகுதி போய்விடும். பிரவுசரும் மேப்பும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் கேமராவுக்கு இடம் இருக்காது. மெனு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஓடுகிறவை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாக சி பொத்தானால் மூடுங்கள். *#0000# அடித்து மென்பொருள் பதிப்பையும் பாருங்கள். 20-ஆம் பதிப்பிலிருந்து ராமைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது. வித்தியாசம் கையில் தெரியும்.

இதில் எடுத்த வீடியோவை டிவியில் போட முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. அந்த 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையே டிவிக்கான வழியும். ஒரு முனையில் மூன்று வளையம் உள்ள பின், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று இருக்கும் வயர் வேண்டும். கேம்கார்டர் வயரைச் செருகிப் படம் வராவிட்டால் மஞ்சளைச் சிவப்பின் இடத்தில் மாற்றிச் செருகிப் பாருங்கள். சில வயர்களில் உள்இணைப்பு மாறியிருக்கும். வீடியோ 640 × 480 அளவில், நொடிக்கு 30 சட்டம். அதே 2007-இல் வந்த முதல் ஐபோனில் வீடியோ எடுக்கும் வசதியே கிடையாது. இந்த போனை வடிவமைத்தவர்கள் கேமராவை எவ்வளவு பொறுப்போடு எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இது ஒன்று போதும்.

ஜியோ சிம் எடுக்குமா? வாட்ஸ்அப் வருமா?
— பலர்

ஜியோவில் 4ஜி, 5ஜி மட்டுமே. இந்த போனில் இரண்டும் இல்லை. எடுக்காது. நோக்கியாவின் எஸ்60 போன்களில் வாட்ஸ்அப் 2017 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. வராது.

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பீரோவில் அவருடைய என்95 கிடைத்தது. பேட்டரி உப்பியிருக்கிறது. வேறு பேட்டரி போட்டுப் பார்த்ததில் லாக் கோட் கேட்கிறது. கடைக்காரர், "ஃபார்மட் அடித்தால் திறந்துவிடும்" என்கிறார். அடிக்கலாமா?
— வாசகி, காரைக்குடி

அடிக்கக் கூடாது அம்மா. இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும்வரை அந்த போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

ஃபார்மட் அடித்தால் போன் திறக்கும் என்பது உண்மை. போன் நினைவகத்தில் இருக்கும் படங்கள், குறுஞ்செய்திகள், ஒலிப்பதிவுகள் எல்லாம் அதோடு போகும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. உங்களுக்குத் தேவை திறந்த போன் இல்லை. அதற்குள் இருக்கும் உங்கள் அப்பா எடுத்த படங்கள். கடையில் பழுதுக்கு வந்த பொருளாகப் பார்க்கிறார்கள். நீங்களாவது அப்படிப் பார்க்காதீர்கள்.

உப்பிய பேட்டரியை அழுத்தாமல், குத்தாமல் தனியே எடுத்து வையுங்கள். குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். அடுத்து, போனின் இடது பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். நகத்தால் திறந்தால் மைக்ரோ எஸ்டி கார்டு. உள்ளே லேசாக அழுத்தினால் வெளியே வரும். அதை எஸ்டி அடாப்டரில் போட்டு, அடாப்டரின் ஓரத்தில் உள்ள பொடிப் பூட்டைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். இனிக் கணினி கார்டைப் படிக்கும், அதில் எதையும் எழுதாது. கார்டை ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அழிந்த கோப்புகளை மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். கேட்காவிட்டால் இமேஜஸ் என்ற கோப்புறை தெரியும். நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்காதீர்கள். கார்டு முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். கோப்பின் பெயர் 15082007(003) என்று இருந்தால், அது 2007 ஆகஸ்ட் 15 அன்று எடுத்த படம். பெரும்பாலும் பெயரிலேயே தேதி இருக்கும். உங்கள் அப்பா எந்த நாளில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது வரிசையாக வரும்.

இனி லாக் கோட். தொழிற்சாலையில் வைத்த எண் 12345. மாற்றாமலே விட்டவர்கள் ஏராளம். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். சிம் மாறினால் மட்டும் பூட்டிக்கொள்ளும்படி ஓர் அமைப்பு இந்த போனில் உண்டு. அப்பாவின் பழைய சிம் வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். இணைப்புத் துண்டிக்கப்பட்ட சிம்மாக இருந்தாலும் போடுங்கள். கோட் கேட்காமலே திறந்தாலும் திறக்கும். பிறந்த வருடம், வண்டி எண் என்று நினைவுக்கு வந்ததை நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம். தவறான எண்ணைப் பலமுறை போட்டால் சற்று நேரம் காக்க வைக்கும். அதற்காகப் பதற வேண்டாம், படங்கள் அழியாது.

திறந்துவிட்டால், கேலரியில் படங்களைத் தேர்ந்தெடுத்து, வேறு ஒரு புதுக் கார்டைப் போட்டு அதில் நகலெடுங்கள். கணினியில் வெறுமனே செருகினால் கார்டு மட்டுமே தெரியும்; போன் நினைவகம் தெரியாது. "ஒன்றும் இல்லை" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ஒலிப்பதிவுகளை மறக்காதீர்கள். ரெக்கார்டரில் அவர் பேசி வைத்தது ஏதாவது இருக்கலாம். படத்தை விடக் குரல் கிடைப்பது அரிது.

கடைசியாக, எடுத்ததை இரண்டு இடங்களில் வையுங்கள். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். எங்கே சிக்கினாலும் மறுபடி எழுதுங்கள். உங்கள் கடிதத்தை முதலில் பார்ப்பேன்.

ஜிபிஎஸ் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டே இருக்கிறது.
— வாசகர், மதுரை

வீட்டுக்குள் உட்கார்ந்து தேடினால் தேடிக்கொண்டேதான் இருக்கும். மொட்டை மாடிக்குப் போங்கள். ஜிபிஎஸ் ஏற்பி எண் பொத்தான்களுக்கு அடியில் இருக்கிறது. ஸ்லைடைத் திறந்து, போனைச் சாய்வாகப் பிடித்து, பொத்தான்களை வானம் பார்க்க வையுங்கள். உள்ளங்கையால் மூடாதீர்கள்.

ஆன்லைனில் "புத்தம் புது என்95, சீல் பிரிக்காதது" என்று வருகிறதே, நம்பலாமா?
— வாசகர், சென்னை

பெரும்பாலும் பழைய போர்டுக்குப் புது உறை மாட்டியது. *#92702689# அடித்தால் அதுவரை பேசிய மொத்த நேரம் தெரியும். *#06# காட்டும் எண்ணும் பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்லைடை எண் பொத்தான் பக்கமும் பாட்டுப் பொத்தான் பக்கமும் மாறி மாறி நகர்த்துங்கள். திரை வெளுத்தாலோ அணைந்தாலோ ஸ்லைடுக்குள் இருக்கும் பிளெக்ஸ் வயர் போய்விட்டது என்று பொருள். இதன் பேட்டரி பிஎல்-5எஃப். பிஎல்-5சி கொடுத்தால் வாங்காதீர்கள். சார்ஜ் மெல்லிய பின்னில் மட்டுமே ஏறும். யுஎஸ்பி வயரில் ஏறாது. அது ஏறவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

சாதாரண என்95, என்95 8ஜிபி இரண்டும் கிடைக்கின்றன. படம் எடுக்க எது?
— வாசகர், புதுச்சேரி

தாளில் பார்த்தால் 8ஜிபிதான் உயர்வு: ராம் 128 எம்பி, திரை 2.8 அங்குலம், பேட்டரி 950-க்குப் பதில் 1200 எம்ஏஎச். ஆனால் லென்ஸுக்கு மூடி இல்லை, கார்டு போட இடமும் இல்லை. போர்டு ஒரு நாள் செத்துப்போனால் படங்களும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சாதாரண என்95 செத்தால் கார்டைக் கழற்றி எடுத்துவிடலாம். இந்த வயதுள்ள போன் எதுவும் என்றைக்காவது நிற்கத்தான் போகிறது; ஆகவே சாதாரண என்95-ஐ வாங்குங்கள். வாங்கியதும் படங்கள் கார்டில் சேரும்படி கேமரா அமைப்பை மாற்றுங்கள். மாதம் ஒரு முறை கணினியில் நகலெடுங்கள்.