களத்துத் தூசியும் மூச்சுக் குழலின் குற்றிழைகளும்

நெல் அடிக்கும் நாளில் உடலில் படியும் தூசியையும் சுணையையும் குளித்துக் கழுவிவிடுகிறோம். மூச்சுடன் உள்ளே போகும் தூசியைக் கழுவுவது யார்? அந்த வேலையை நம் மூச்சுக் குழலின் உட்சுவரில் உள்ள குற்றிழைத் திசு இரவும் பகலும் செய்து வருகிறது. இத்திசுவின் அமைப்பையும் வேலையையும் உழவர்கள் அறிந்துகொண்டால் அதைக் காப்பதும் எளிதாகும்.

திசுவின் அமைப்பு

குறிப்பிட்ட வேலைக்காகச் சேர்ந்து அமைந்த செல்களின் கூட்டமே திசு எனப்படும். மூக்கின் உட்புறத்திலும், மூச்சுக் குழலிலும், அதன் கிளைகளிலும் தூண் போன்ற உயரமான செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் சுமார் 200 நுண்ணிய இழைகள் உள்ளன. இவையே குற்றிழைகள். ஓர் இழையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 150இல் ஒரு பங்குதான். இழையின் உள்ளே நடுவில் இரண்டு நுண்குழல்களும், சுற்றிலும் ஒன்பது இரட்டைக் குழல்களும் இருக்கின்றன. இக்குழல்கள் ஒன்றையொன்று உரசி நகர முயல்வதால் இழை வளைந்து நிமிர்கிறது. இச்செல்களுக்கு இடையிடையே கோப்பை வடிவச் செல்கள் அமைந்து சளியைச் சுரக்கின்றன.

வேலை செய்யும் விதம்

உள்ளே வரும் தூசி சளியில் ஒட்டிக்கொள்கிறது. குற்றிழைகள் ஒரு நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை அசைந்து அச்சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. துடுப்புப் போல விறைப்பாக ஒரு வீச்சு. பின் வளைந்து தாழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பல். எல்லா இழைகளும் ஒரே சமயத்தில் அசைவதில்லை. கதிர் வாங்கிய வயலில் காற்று வீசும்போது அலை ஓடுவது போல ஒன்றன்பின் ஒன்றாக அசைகின்றன. தொண்டைக்கு வந்த சளியை நாம் விழுங்கிவிடுகிறோம் அல்லது துப்பிவிடுகிறோம்.

பெண்ணினத்தின் கருக்குழாயிலும் இத்தகைய இழைகள் உண்டு. சினை முட்டை கருப்பையை நோக்கி நகர அவை உதவுகின்றன. நம் கறவை மாட்டிலும் இப்படியே.

குற்றிழைகளைக் கெடுப்பவை

பீடி, சிகரெட் புகை குற்றிழைகளின் அசைவைத் தளர்த்துகிறது. நாளடைவில் இழைகளை அழித்தும் விடுகிறது. சளி சுரப்பதோ கூடுகிறது. தள்ள ஆளில்லாத சளி தேங்குகிறது. புகைப்பவர் காலையில் இருமி இருமிச் சளியை வெளியேற்றுவது இதனால்தான். எனவே களத்துத் தூசியில் நின்றுகொண்டு பீடி பிடிப்பவருக்குக் கேடு இரட்டிப்பாகும்.

குற்றிழைகள் எட்டாத இடமும் ஒன்று உண்டு. நுரையீரலின் கடைசியில் உள்ள காற்றுச் சிற்றறைகளில் இவை கிடையா. ஈரத்தோடு போர் போட்ட வைக்கோலிலும், குவித்து வைத்த கரும்புச் சக்கையிலும் வளரும் நுண்ணுயிர்களின் வித்துகள் மிக நுண்ணியவை. அவை சிற்றறை வரை சென்று ஒவ்வாமையை உண்டாக்கும். அத்தகைய வைக்கோலைப் பிரித்த சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் கண்டால் அதைச் சாதாரண காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் தூசி உங்களை விட்டு விலகிச் செல்லுமாறு, காற்று வரும் பக்கத்தில் நிற்கவும்.

2. மூக்கையும் வாயையும் மூடிக் கட்டவும். துண்டு பெருந்தூசியை மட்டுமே ஓரளவு தடுக்கும். நுண்தூசிக்கு என்95 முகக்கவசம் ஏற்றது. பூச்சி மருந்தின் ஆவியை இக்கவசம் தடுக்காது.

3. வைக்கோலை நன்கு காய வைத்த பிறகே போர் போடவும். பூசணம் பிடித்ததைத் தண்ணீர் தெளித்து, திறந்த வெளியில் அப்புறப்படுத்தவும். மாட்டுக்கும் போட வேண்டாம்.

4. பீடியை விட்டுவிடவும். விட்ட சில வாரங்களுக்குச் சிலருக்கு இருமலும் சளியும் கூடலாம். குற்றிழைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கியதே இதற்குக் காரணம் என்பதால், அஞ்சிப் பழைய பழக்கத்துக்குத் திரும்ப வேண்டாம்.

5. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் களத்துத் தூசி என்று எண்ணி இருந்துவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும். காசநோயின் அறிகுறியும் அதுவே.

விளைந்த நெல்லைத் தூற்றிச் சுத்தம் செய்வதில் காட்டும் அக்கறையை மூச்சுக் குழலைக் காப்பதிலும் உழவர்கள் காட்டுவார்களானால் அடுத்த போகத்துக்கும் நல்ல உடல்நலத்தோடு வயலில் இறங்கலாம்.