டிராக்டரை விற்ற பின் தீராத பொறுப்பு

சம்பா அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் பழைய டிராக்டர்கள் கை மாறுவது வழக்கம். சிலர் புதியது வாங்குவதற்காக விற்கின்றனர். வாடகை டிராக்டரே போதும் என்று விற்போரும் உண்டு. விலை பேசுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட, விற்ற பின் செய்ய வேண்டியவற்றில் விவசாயிகள் காட்டுவதில்லை. பணம் கைக்கு வந்து, வண்டி கொட்டகையை விட்டுப் போனதும் தம் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடுகின்றனர். ஆனால் பதிவுச் சான்றில் (ஆர்.சி.) பெயர் மாறும் வரை விற்றவரின் பொறுப்பு தீர்வதில்லை.

யார் உரிமையாளர்?

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே அதன் உரிமையாளர். 2007-இல் விற்கப்பட்டுப் பல கை மாறிய ஒரு கார், 2009-இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. பதிவுச் சான்றில் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6-இல் தீர்ப்பளித்தது. பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர்கள் வண்டி யார் யார் கைக்கு மாறியது என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். டிராக்டருக்கும் இதே சட்டம்தான்.

எப்படித் துன்பம் வருகிறது?

ஒரு நிலைமையை எண்ணிப் பார்க்கலாம். ஒரு விவசாயி தரகர் மூலம் டிராக்டரையும் டிரெய்லரையும் விற்கிறார். தரகர் நீட்டிய வெற்றுப் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் பெயரை மாற்றாமலே வேறொருவருக்கு விற்கிறார். இன்சூரன்ஸ் காலாவதியாகிறது, யாரும் புதுப்பிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, கரும்பு ஏற்றிய டிரெய்லர் பின்விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இல்லாமல் இரவில் சாலையோரம் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்தவர் அதில் மோதி இறக்கிறார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் சம்மன், வண்டியை மறந்தே போன முதல் விவசாயியின் வீட்டுக்கு வருகிறது.

செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிடும். இல்லையேல் உரிமையாளர் தம் கைப்பணத்தைத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால், தீர்ப்பாயத்தின் சான்றின் பேரில் மாவட்ட ஆட்சியர் அத்தொகையை நிலவரிப் பாக்கி போல வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. விற்றுவிட்ட வண்டிக்காக இருக்கும் நிலத்தை இழக்கும் நிலைகூட வரலாம்.

விபத்து மட்டுமன்று. அனுமதியின்றி ஆற்று மணல் அள்ளிய டிராக்டர் பிடிபட்டாலும், உரிமம் இல்லாதவர் ஓட்டி மாட்டிக்கொண்டாலும், விசாரணை முதலில் பதிவில் உள்ள பெயரைத் தேடியே வரும். வண்டியை ஓட்டியவர் யார் என்று போலீசார் கேட்டால், விவரம் தர வேண்டிய கடமையும் உரிமையாளருடையதே.

விற்பதற்கு முன்

டிராக்டர் வங்கிக் கடனில் வாங்கியதாயின், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உரிமையாளர் பெயரை மாற்ற முடியாது. ஆகவே கடனை முழுதும் அடைத்து, வங்கியிடம் தடையின்மைக் கடிதமும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை முதலில் நீக்க வேண்டும். “மீதித் தவணையை வாங்குபவர் கட்டிக்கொள்வார்” என்ற வாய்ப்பேச்சை நம்பி வண்டியைக் கொடுக்கலாகாது. தவணை நின்றால் வங்கி தேடி வருவது கடன் வாங்கியவரைத்தான். கடனுக்காக நிலத்தையும் ஈடு வைத்திருந்தால், அந்த ஈட்டையும் மறக்காமல் ரத்து செய்துகொள்ள வேண்டும்.

காலஞ்சென்ற தந்தையின் பெயரில் உள்ள வண்டியாயின், வாரிசுகள் படிவம் 31 மூலம் முதலில் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகே விற்க வேண்டும். அரசு மானியத்தில் வாங்கிய இயந்திரமாயின், விற்பதற்குத் தடை ஏதும் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

விற்கும் நாளில்

1. விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண், விலை ஆகியவற்றுடன், வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, இரு சாட்சிகளின் கையெழுத்தையும் வாங்க வேண்டும்.

2. என்ஜின், ஹைட்ராலிக், கியர் பெட்டி இவற்றில் தெரிந்த பழுது இருந்தால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். தெரிந்த பழுதை மறைத்துப் பொய் சொல்லி விற்றால், ஏமாற்றியதாக வழக்கு வர இடமுண்டு.

3. வாங்குபவரின் ஆதார் நகல், முகவரி, கைப்பேசி எண் ஆகியவற்றைப் பெற வேண்டும். தம் ஆதார் நகலைக் கொடுக்கும்போது, “இன்ன எண்ணுள்ள டிராக்டர் பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று குறுக்கே எழுதித் தருவது பாதுகாப்பு.

4. பணத்தை வங்கிக் கணக்கு வழியே பெறுவது சிறந்தது. இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

5. நிரப்பாத படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடக்கூடாது. வாங்குபவரின் பெயரும் தேதியும் எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும்.

6. ஆர்.சி., இன்சூரன்ஸ், கையெழுத்திட்ட படிவங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கின்றனர். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையேதான் அந்தத் தாள் பேசும். விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தை, வாங்கியவரிடம் பின்னர் வழக்காடிக் கேட்க அது உதவலாம். பதிவில் உள்ள பெயரை அது மாற்றாது.

விற்ற 14 நாளுக்குள்

வாங்கியவர்தான் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது பாதி உண்மையே. விற்றவருக்கும் சட்டம் தனிக் கடமை வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு (ஆர்.டி.ஓ.) விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கும் அதன் நகலை அனுப்ப வேண்டும். இப்படிவத்தை இரண்டு பிரதிகள் எழுத வேண்டும். அலுவலகக் குறிப்புடன் ஒரு பிரதி விற்றவரிடமே திரும்ப வரும். அதை நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆந்திரம், கர்நாடகம் போன்ற வெளி மாநிலத்தவருக்கு விற்றால், படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். 45 நாளுக்குள் அதற்கான நடவடிக்கையை முடிக்க வேண்டும்.

வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30 மூலம் விண்ணப்பிக்க வேண்டும். இதிலும் விற்றவரின் கையெழுத்து தேவை. இருவரும் ஒரே நாளில் அலுவலகம் சென்று இரு படிவங்களையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதே எளிய வழி. ஒரு நாள் வேலை கெடுமே என்று பார்க்கக்கூடாது. விலையில் ஒரு சிறு பகுதியை, பெயர் மாறிய பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால், வாங்கியவருக்கும் தூண்டுதலாக இருக்கும்.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. டிராக்டர் பெயர் மாறினால் டிரெய்லரின் பெயர் தானாக மாறாது. அதற்கும் தனியே படிவங்கள் கொடுக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்

வண்டி விற்கப்பட்டதும், பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடு செய்யும் காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே சட்டம் கொள்கிறது. எனினும் சான்றில் தம் பெயரைச் சேர்க்குமாறு 14 நாளுக்குள் அவர் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவரும் விற்பனை பற்றி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. பெயர் மாறும் முன் பாலிசியை ரத்து செய்வது தவறு. அது தம் தலையில் தாமே சுமையை ஏற்றிக்கொள்வதாகும். பாலிசி முடிய ஓரிரு மாதமே இருந்தால், புதுப்பித்து விற்பதால் ஆகும் செலவு வீண் போகாது.

பழைய வண்டி வணிகரிடம் கொடுத்தால்

2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வணிகர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் பெற்றவரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் அதை இணையவழியில் பதிவு செய்தால், அதன் பின் பொறுப்பு அவரைச் சேரும். அங்கீகாரம் இல்லாத தரகரிடம் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

முன்பே விற்று, பெயர் மாறாதிருந்தால்

வண்டியின் பதிவு எண்ணைக் கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தால், பெயர் மாறியதா, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துகொள்ளலாம். மாறவில்லையெனில், ஒப்பந்த நகலுடன் படிவம் 29-ஐத் தாமதமானாலும் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். பெயரை மாற்றும்படி வாங்கியவருக்கு விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் அகப்படாவிட்டாலோ, வண்டி தவறான காரியத்துக்குப் பயன்படுவதாகத் தெரிந்தாலோ, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, வழக்கறிஞரின் ஆலோசனையையும் நாட வேண்டும். தீர்ப்பாய சம்மன் வந்தால் “வண்டி என்னுடையதல்ல” என்று பேசாமல் இருந்துவிடக்கூடாது. நேரில் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

நிலத்தை விற்றவர் பத்திரம் பதிவாகும் வரை ஓய்வதில்லை. டிராக்டரை விற்றவரும், ஆர்.சி.யில் வாங்கியவரின் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகலைக் கையில் வாங்கிய பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.