எல்லாரும் ஓடினால் நாமும் ஓடணுமா?
(பிள்ளை வளர்ப்புப் பாடம்)



ஏலக்காய் எடுக்கும் காலத்தில் தேவாரம், போடிப் பக்கம் நம்மில் பலர் விடியும் முன்னே ஜீப் ஏறி மலைக்குப் போய்விடுகிறோம். வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடும். அந்த நேரத்தில் அதற்கு வழி காட்டுவது கூட்டாளிகள்தான்.

கூட்டாளி வேணும், தப்பில்லை. ஆனால் "வாய்க்கால்ல குதிடா, பயந்தாங்கொள்ளி" என்றும், "இந்தப் பாக்கைப் போட்டுப் பாரு" என்றும், "அவகூட யாரும் பேசக்கூடாது" என்றும் சொல்வதும் அதே கூட்டாளிகள்தான். 18-ம் கால்வாயில் தண்ணீர் போகிற நாளில் நீச்சல் தெரியாத பிள்ளை வீம்புக்குக் குதித்தால் உயிரே போய்விடும். "போகாதே" என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் கூப்பிடும்போது என்ன பதில் சொல்லணும் என்று நாம்தான் பழக்கணும்.

நேராகப் புத்தி சொன்னால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். முயல் கதை சொன்னால் வாயைத் திறந்து பேசும். அதற்குத்தான் மிருகக் கதை. நாலு வயதிலேயே தொடங்கலாம்.

முதல் கதை: முயலும் சிங்கமும்

இது புத்த ஜாதகக் கதைகளில் உள்ளது. ஒரு முயல் சின்னப் பனை மரத்தடியில் படுத்திருந்தது. "பூமி இடிஞ்சு விழுந்தா நான் எங்கே போவேன்?" என்று நினைத்த நேரம் பார்த்து, வில்வப்பழம் ஒன்று பனை ஓலை மேல் 'தடால்' என்று விழுந்தது. பூமிதான் இடிகிறது என்று முயல் ஓட, மற்ற முயல்களும் ஓடின. பிறகு மான், பன்றி, எருமை, புலி, யானை எல்லாம் ஓடின. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. சிங்கம் ஒன்றுதான் அவற்றை நிறுத்தி, "யார் கண்ணால பார்த்தது?" என்று கேட்டது. முயலைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், அங்கே கிடந்தது வில்வப்பழம்!

இரண்டாவது கதை: புறாக்களும் வலையும்

இது இதோபதேசத்தில் வருகிறது. காட்டில் அரிசி சிதறிக் கிடந்தது. "ஆள் இல்லாத காட்டுல அரிசி ஏது? யோசிங்க" என்றது புறாக்களின் ராஜா. இன்னொரு புறா அதைக் கேலி பேசியது. கூட்டம் கேலி பேசின பக்கம் சாய்ந்து கீழே இறங்கியது; எல்லாம் வலையில் மாட்டின. அப்போதும் ராஜா யாரையும் திட்டவில்லை. எல்லாப் புறாவும் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறந்தன. நண்பனான எலி வலையைக் கடித்து விடுவித்தது. கூட்டம் மாட்டியும் விடும், காப்பாற்றியும் விடும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஒரு ஆராய்ச்சி சொல்வது

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற மனவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். கோடுகளைக் காட்டி, எது சம நீளம் என்று கேட்டார். உடன் இருந்தவர்கள் முன்பே பேசிவைத்தபடி தப்பான பதிலையே சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் 4-ல் 3 பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே தாங்களும் சொன்னார்கள். படித்த பெரியவர்களுக்கே இப்படி என்றால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? ஆனால் சரியான பதில் சொல்ல ஒரே ஒரு ஆள் துணை இருந்தபோது, கூட்டத்தோடு சாய்வது மிகவும் குறைந்தது. ஆகவே பிள்ளைக்கு ஒரு நல்ல கூட்டாளி அமைந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கதையைப் பாதியில் நிறுத்தி, "நீ அந்த மானா இருந்தா என்ன செய்வே?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

2. நீங்கள் கூட்டாளி மாதிரிக் கூப்பிடுங்கள். "எனக்கு வேணாம், நான் வீட்டுக்குப் போறேன்" என்று பிள்ளை சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். சொல்லிவிட்டு அங்கேயே நிற்காமல் நகர்ந்துவிடணும்.

3. நடந்ததை உண்மையாகச் சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த தடவை மறைக்கும்.

4. அம்மாச்சி, அப்பத்தாவுக்கும் இந்தக் கதைகளைச் சொல்லிவையுங்கள். பகலில் அவர்கள்தானே கூட இருக்கிறார்கள்.

5. யாராவது மிரட்டினாலோ, தொந்தரவு கொடுத்தாலோ 1098 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

2003-ல் வந்த மத்தியச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள்ளும் விற்கக்கூடாது. மீறி விற்றால் குழுவாகப் போய்க் கேளுங்கள்.

நம்மைப் பார்த்துத்தான் பிள்ளை

பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று தீர்மான நோட்டைப் படிக்காமலே நாமும் போடுகிறோமா? பக்கத்து வீட்டுக்காரி வாங்கினாள் என்று தேவையில்லாத கடன் வாங்குகிறோமா? "எனக்கு இது சரியாப் படலை, இன்னொரு தரம் வாசிங்க" என்று அம்மா சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளை, வாய்க்கால் கரையிலும் அதையே சொல்லும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:
• உங்கள் பிள்ளையின் கூட்டாளிகள் பெயர் உங்களுக்குத் தெரியுமா?
• நம் ஊரில் பிள்ளைகள் எந்த இடத்தில் ஆபத்தாக விளையாடுகிறார்கள்? குழு என்ன செய்யலாம்?
• உங்கள் பாட்டி சொன்ன மிருகக் கதைகளில் இதற்குப் பொருந்துவது எது?