வாழைக்குலை அழுகாமல் காப்போம்: தைலமா, இரசாயன மருந்தா?



உரும்பிராய், நீர்வேலிச் செம்மண்ணில் வாழை நன்றாக வரும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது குலையோடு நின்ற மரங்களைத் திரும்பிப் பார்த்தபடி போனவர்கள் நம்மில் பலர். இன்று குத்தகைக் காணியில் வாழை வைத்திருக்கும் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு குலை என்பது கடைக் கடனும் பிள்ளையின் கொப்பியும் ஆகும். அதில் கரும்புள்ளி கண்டதும் வியாபாரி விலையைக் குறைத்துவிடுகிறார். இதற்கு என்ன செய்யலாம் என்பதே இப்பாடம்.

1. அழுகல் எங்கிருந்து வருகிறது?

இதற்குக் காரணம் பங்கசு. இரண்டு வகைச் சேதத்தைப் பார்ப்போம்.

முதலாவது கரும்புள்ளி நோய். இதன் வித்துகள் காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் ஒட்டி உறங்கிக் கிடக்கும். பழுக்கத் தொடங்கியதும் விழித்துப் பரவும். ஆகவே சந்தையில் தெரியும் நோய் தோட்டத்திலேயே தொற்றியது.

இரண்டாவது சீப்புக் காம்பு அழுகல். இது சீப்பு வெட்டிய காயத்தின் வழியே நுழைகிறது. காய்ந்த சருகிலும் வாடிய பூவிலும் இவ்வித்துகள் நிறைய உண்டு. குலை நோகாதிருக்க நாம் வைக்கும் சருகே நோயையும் கொண்டுவரலாம்!

2. இரசாயன மருந்து

1960களின் இறுதியில் பெனோமில் என்ற பங்கசுநாசினி வந்தது. சிறிய அளவிலேயே அழுகலை நன்கு தடுத்தது. ஆனால் அது பங்கசுவின் உடலில் ஒரேயொரு இடத்தைத்தான் தாக்கும். திரும்பத் திரும்ப அதையே அடித்தபோது, அதற்கு அசையாத பங்கசு பெருகிவிட்டது. ஒரே மருந்தைத் தொடர்ந்து பாவிக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். அறுவடைக்குப் பின் பழத்தில் இடும் மருந்து உண்பவரின் வாய்க்கும் போகும் என்பதையும் மறக்கலாகாது.

3. வாசனைத் தைலம்

களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் கறுவாப்பட்டை, கறுவா இலை, கராம்புத் தைலங்களை வாழையை அழுக்கும் பங்கசுக்களின்மேல் பரீட்சித்தார்கள். 0.03 முதல் 0.11 சதவீத அளவிலேயே அவை பங்கசுவின் வளர்ச்சியை நிறுத்தின, கொல்லவும் செய்தன. அதாவது ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றருக்குள். கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள யூஜினோலும், பட்டையில் உள்ள சினமல்டிகைட்டும் பங்கசுக் கலத்தின் சவ்வைச் சிதைக்கின்றன.

திருநீற்றுப்பச்சைத் தைலமும் அம்புல் வாழையில் நல்ல பலன் தந்தது. ஆனால் அப்பழங்கள் குளிரறையில் வைக்கப்பட்டவை. நம்மிடம் குளிரறை இல்லை.

இன்னும் மூன்று விடயங்களை நினைவிற் கொள்வோம்:

அ) தைலம் ஆவியில் வடித்து எடுப்பது. வீட்டில் இலையை அவித்த தண்ணீர் அதற்கு ஈடாகாது.

ஆ) தைலம் தண்ணீரோடு தானாகக் கலக்காது. சரியாகக் கலக்காவிட்டால் ஓரிடத்தில் கூடித் தோலைக் கருக்கும்.

இ) அது விரைவில் ஆவியாகிப் போகும். எனவே வெயில் காயும் தோட்டத்தில் அடிப்பதைவிட, வெட்டிய காம்பைக் காக்கவே அது பொருத்தம்.

2021இல் அரசு இரசாயன இறக்குமதியைத் தடை செய்தபோது பலர் பதற்றத்தோடு மாற்று மருந்து தேடினோம். தேவை வந்தபின் தேடுவதைவிட, இப்போதே சிறிதாகப் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது.

4. செலவில்லாமல் செய்யக்கூடியவை

• காய்ந்த இலைகளையும் காயின் நுனியில் வாடிய பூக்களையும் காலத்துக்குக் காலம் அகற்றுங்கள்.
• குலையை நிலத்தில் போடாமல் இருவர் தாங்கி இறக்குங்கள்.
• கூரிய, கழுவிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டுங்கள்.
• சீப்புகளைச் சுத்தமான நீரில் கழுவி, பால் வடிந்து ஈரம் உலர விடுங்கள்.
• சருகுக்குப் பதிலாகச் சுத்தமான கடதாசி விரியுங்கள்.

இவை தைலத்துக்கும் மருந்துக்கும் முன் செய்யவேண்டியவை. இவற்றைச் செய்யாமல் எதைப் பூசினாலும் பணம் வீண்.

குழுவாகச் செய்து பார்க்க

ஒரே குலையின் மூன்று சீப்புகளை எடுங்கள். ஒன்றை வழமைபோல் சருகில் வையுங்கள். ஒன்றைக் கழுவி உலர்த்திக் கடதாசியில் வையுங்கள். மூன்றாவதன் காம்புக்கு மட்டும், விவசாயப் போதனாசிரியரின் உதவியோடு கலந்த கராம்புத் தைலத்தைப் பூசுங்கள். நாள்தோறும் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள்.

கலந்துரையாட

1. சென்ற போகத்தில் எத்தனை சீப்புகளைக் கழித்துவிட்டோம்? அதன் பெறுமதி என்ன?
2. தைலத்தின் விலை அந்த நட்டத்திலும் குறைவா, கூடவா?

அப்பம் பகிர்ந்தபின் மிஞ்சிய துண்டுகளையும் வீணாகாமல் சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். பாடுபட்டு விளைவித்த குலையில் ஒரு சீப்பும் வீணாகாமல் காப்போம்.