நிறங்களைப் படிப்போம்

மும்பையில் கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தின் அருகே லாமிங்டன் ரோடு இருக்கிறது. அங்கே மின்னணுக் கடைகள் வரிசையாக உள்ளன. தாராவி, செம்பூர், மாட்டுங்காவில் டி.வி. பழுது பார்ப்பவர்கள் உதிரி பாகம் வாங்க அங்கே போவார்கள்.

அங்கே விற்கும் ஒரு சிறு பொருள் ரெசிஸ்டர். இது மின்சார ஓட்டத்தைக் குறைக்கும். வாய்க்காலுக்கு மடை போல.

சிவப்பு எல்.இ.டி. விளக்குக்குச் சுமார் 2 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரியில் நேராக இணைத்தால் கருகிவிடும். நடுவே 470 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் பத்திரமாக எரியும்.

சாதாரண ரெசிஸ்டர் மேல் எண் இருக்காது. நிறக் கோடுகள் இருக்கும். தங்க நிறக் கோடு வலது பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து படியுங்கள். மஞ்சள் 4. ஊதா 7. மூன்றாவது கோடு பழுப்பு என்றால் ஒரு சைபர். சேர்த்தால் 470.

நிறம் தெரியாமல் மாற்றி வைத்தால் பிறர் கொடுத்த பொருள் கெடும். தொழிலில் பெயரும் கெடும்.

பேட்டரியில் பழகுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் சோதிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

எழுத்தைப் படித்தோம். நிறத்தையும் படிப்போம்.

பயிற்சி: பழுப்பு 1. கருப்பு 0. மூன்றாவது கோடு சிவப்பு என்றால் இரண்டு சைபர். பழுப்பு, கருப்பு, சிவப்பு: எத்தனை ஓம்?